கையும் கதிரும்: தொடாமல் இயங்கும் மருத்துவப் படக் கருவிகளின் வரலாறு

மருத்துவத்தில் கைக்கு உள்ள பெருமையைத் தமிழ் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நாடி பிடிப்பது கை. வயிற்றை அழுத்தி வலியின் இடத்தைக் கண்டறிவது கை. முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதும் கையே. நல்ல வைத்தியரைக் 'கைராசிக்காரர்' என்று நாம் போற்றுகிறோம். ஆயினும், சென்ற 130 ஆண்டுகளாக மருத்துவத்தின் ஒரு பெரும் பிரிவு, கையை விலக்குவதிலேயே தன் முன்னேற்றத்தைக் கண்டு வந்திருக்கிறது. அது, உடலின் உட்புறத்தைப் படம் பிடித்துக் காட்டும் பிரிவு. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று நாம் இன்று அறிந்துள்ள சாதனங்கள் யாவும், இயக்குபவரின் கையைச் சிறிது சிறிதாகத் தம்மிடமிருந்து அப்பால் தள்ளியே வந்திருக்கின்றன.

இவ்வாறு கை விலகியதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கதிர், இரண்டாவது, காந்தம், மூன்றாவது, கிருமி. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. ஒவ்வொன்றையும் உலகம் கற்றுக்கொள்வதற்குச் சிலர் தங்கள் உடலையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. இவ்வரலாற்றின் சில முக்கியமான நிகழ்ச்சிகள் நமது தலைநகராகிய தில்லியிலேயே நடந்தன. அவற்றை முறையாக நோக்குவோமானால், இன்று 'தொடாமல் இயக்கும் கருவி' என்று விலை கூறப்படும் புதுமைகளில் எது தேவை, எது ஆடம்பரம் என்பதைத் தீர்மானிக்க நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் விஞ்ஞானி ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி அவர் தம் மனைவியாரின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும், ஒரு விரலில் கிடந்த மோதிரமும் அப்படத்தில் தெளிவாகத் தெரிந்தன. ஆக, இக்கலை பிறந்தபோது உலகம் பார்த்த முதல் உருவமே ஒரு கைதான். இக்கலைக்கு முதலில் பலியானதும் கைதான் என்பது வரலாற்றின் கொடுமை.

அந்நாளில் எக்ஸ் கதிர்க் குழாய்கள் ஒரே சீராக வேலை செய்வதில்லை. குழாயினுள் எஞ்சியிருந்த காற்றின் அளவு மாறுவதற்கேற்பக் கதிரின் ஊடுருவும் சக்தியும் நாளுக்கு நாள் மாறியது. எனவே, நோயாளியைப் படமெடுக்குமுன் குழாய் தக்க நிலையில் உள்ளதா என்று சோதிக்க வேண்டியிருந்தது. அதற்கு மிக எளிய வழியாக அவர்கள் கண்டது, தம் கையையே கதிரின் முன் நீட்டி, ஒளிரும் திரையில் தம் எலும்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்ப்பது! இவ்வாறு ஒரு நாளைக்குப் பலமுறை, ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். கதிர் பட்டபோது வலி ஏதும் தெரியவில்லை. நாட்கள் கடந்தபின் தோல் சிவந்தது, நகம் உதிர்ந்தது, புண் ஆறாமல் நின்றது, இறுதியில் புற்றுநோய் கண்டது.

எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டேலி என்பவர் இவ்வாறு இரு கைகளையும் இழந்து 1904-ஆம் ஆண்டில் மாண்டார். எடிசன் அவ்வாராய்ச்சியையே கைவிட்டார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து மருத்துவர் ஹால் எட்வர்ட்ஸ் 1908-இல் இடக்கையை இழந்தார். 1936-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், புனித ஜியார்ஜ் மருத்துவமனையின் வளாகத்தில், எக்ஸ் கதிராலும் ரேடியத்தாலும் உயிர் நீத்தவர்களுக்கு ஒரு நினைவுக் கல் எழுப்பினார்கள். முதலில் அதில் பொறிக்கப்பட்ட பெயர்கள் 169. பின்னர் அவ்வெண்ணிக்கை 300-க்கு மேல் பெருகியது. போர்க்களத்திலன்றி மருத்துவமனையில் வீழ்ந்தவர்களுக்கு எடுத்த வீரக்கல் என்றே அதனை நாம் கூறலாம்.

இத்தியாகங்களிலிருந்து உலகம் கற்ற முதற்பாடம், தூரம் என்பதே சிறந்த கவசம் என்பதாகும். கதிரின் வலிமை தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு விலகினால், அவர் மீது படுவது நாலில் ஒரு பங்கு. மூன்று மீட்டருக்கு விலகினால் ஒன்பதில் ஒரு பங்கு. இக்கணக்கைப் பள்ளி மாணவனும் போட்டுவிடலாம். ஆனால், கருவியை அருகில் நின்று இயக்க வேண்டியிருக்கும் வரையில் அக்கணக்கால் பயனில்லை. எனவே நீண்ட கம்பியின் முனையில் பொத்தான் வந்தது. ஈயத் தகடு பதித்த தடுப்பு வந்தது. அதில் ஈயக் கண்ணாடிச் சாளரம் வந்தது. இயக்குபவர் தடுப்புக்குப் பின் சென்றார். படுக்கைகளுக்கிடையே தள்ளிச் செல்லும் எக்ஸ்ரே வண்டியிலும் சுமார் இரண்டு மீட்டர் நீளக் கம்பியில் பொத்தான் இணைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. அக்கம்பி சுருட்டித் தொங்கவிடுவதற்காக ஏற்பட்டதன்று. விலகி நிற்பதற்காக ஏற்பட்டது.

நமது நாட்டிற்கும் எக்ஸ் கதிர் விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1897-98-இல் வடமேற்கு எல்லைப்புறத்தில் நடந்த திரா படையெடுப்பின்போது, உடலில் பாய்ந்த குண்டுகளைக் கண்டறிய இராணுவ மருத்துவர் பீவர் இதனைப் பயன்படுத்தினார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தாமே கருவி அமைத்துச் சோதனைகள் நடத்தினார். சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் காப்டன் பர்னார்டு வளர்த்த எக்ஸ்ரே பிரிவு, 1934-ஆம் ஆண்டு அவர் பெயராலேயே பர்னார்டு கதிரியல் நிலையமாக மலர்ந்தது. தென்னாட்டில் இக்கலையைப் பயின்ற பல தலைமுறை மருத்துவர்களுக்கு அதுவே தாய்வீடு.

தில்லி இவ்விஷயத்தில் சற்றுப் பிந்தியே எழுந்தது. 1911-இல் தலைநகராக அறிவிக்கப்பட்டபின் 1916-இல் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1930-களில் இர்வின் ஆஸ்பத்திரி எழுந்தது. இன்று அது லோக நாயக் மருத்துவமனை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினருக்காக அமைந்த மருத்துவமனையே பின்னர் சப்தர்ஜங் மருத்துவமனை ஆயிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் அவர்களின் முயற்சியாலும், கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து வழங்கிய நன்கொடையாலும் 1952-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1956-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. 'எய்ம்ஸ்' என்று நாடு முழுவதும் இன்று அறியப்படுவது அதுவே.

அக்காலத்தில் வயிற்று நோயாளிக்குப் பேரியக் கஞ்சியைக் குடிக்கக் கொடுத்துத் திரையில் பார்க்கும் பரிசோதனை எவ்வாறு நடந்தது என்பதை இன்றைய இளைஞர் நம்பமாட்டார். திரையின் ஒளி மிக மங்கலாக இருந்ததால், மருத்துவர் இருட்டில் உட்கார்ந்தோ, சிவப்புக் கண்ணாடி அணிந்தோ, இருபது முப்பது நிமிடம் தம் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பிறகு இருட்டறையில், நோயாளிக்கு எதிரே முழங்கை தூரத்தில் நின்று, ஈயம் கலந்த தடித்த கையுறையுடன் அவர் வயிற்றை அழுத்தி, கஞ்சி குடலில் ஓடும் போக்கைக் காண்பார். அக்கை, கதிரின் பாதையிலேயே இருந்தது. கையுறை ஓரளவு காத்தது. அதன் கனத்தையும் வியர்வையையும் தாங்காது சிலர் அதனைக் கழற்றியும் வேலை செய்தனர்.

இந்நிலையை மாற்றியது, 1948-ஐ ஒட்டி உருவாகிய 'உருவச் செறிவாக்கி' என்னும் குழாய். மங்கிய உருவத்தை இது பல்லாயிரம் மடங்கு பிரகாசமாக்கியது. அதனோடு தொலைக்காட்சிக் காமிராவை இணைத்ததும், படத்தை நோயாளியின் மேலிருந்த திரையில்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிந்தது. படம் வேறிடத்தில் தெரியுமானால் மருத்துவரும் வேறிடத்தில் இருக்கலாமன்றோ? இக்கேள்வியிலிருந்து பிறந்ததுதான் தூரத்திலிருந்து இயக்கும் எக்ஸ்ரே மேசை. மேசை சாய்வதும், நிமிர்வதும், கூம்பு போன்ற ஓர் உறுப்பு இறங்கி வயிற்றை அழுத்துவதும், யாவும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நடந்தன. மருத்துவரின் கைக்குப் பதிலாக யந்திரத்தின் கை வந்தது.

எனினும் எல்லா இடத்திலும் மருத்துவர் அப்பால் போய்விட இயலவில்லை. இருதய இரத்தக் குழாயில் மெல்லிய குழாயைச் செலுத்துபவர் நோயாளியின் அருகிலேயே நிற்க வேண்டும். அவருடைய இரு கைகளும் அக்குழாயிலேயே ஈடுபட்டிருக்கும். எனவே கதிரை எழுப்பும் வேலை காலுக்குச் சென்றது. மிதித்தால் கதிர் எழும். காலை எடுத்தால் நின்றுவிடும். இந்தக் கால்மிதியே, கை தொடாமல் இயக்கும் கருவிகளில் மூத்தது. அதன் எளிமையில் ஒரு பெரிய நியாயம் அடங்கியிருக்கிறது. மனிதன் மயங்கி விழுந்தாலும், கவனம் சிதறிக் காலை எடுத்தாலும், கதிர் தானாக அணைந்துவிடும். பழுது நேரும்போது பாதுகாப்பின் பக்கமே சாயும் கருவி அது. இந்நியாயத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் பயன்படும்.

இனி, இரண்டாவது காரணமாகிய காந்தத்திற்கு வருவோம். இதன் கதை தில்லியில் ஒரு விசித்திரமான வழியாகத் தொடங்குகிறது. 1950-களில் வல்லரசுகள் அணுகுண்டுச் சோதனைகளை நடத்தி வந்தன. அவற்றின் விளைவுகளை ஆராய வேண்டுமென்று பிரதமர் நேரு விரும்பினார். பாதுகாப்பு அமைச்சின் விஞ்ஞான ஆலோசகராக இருந்த டாக்டர் டி. எஸ். கோத்தாரியின் மேற்பார்வையில், அணு வெடிப்புகளையும் அவற்றின் விளைவுகளையும் பற்றிய நூல் 1956-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் தில்லியின் பாதுகாப்பு விஞ்ஞானக் கூடத்தில் கதிர்வீச்சுப் பிரிவு ஒன்றும் ஏற்பட்டது. அது வளர்ந்து, 1961-இல் 'இன்மாஸ்' என்னும் அணு மருத்துவ விஞ்ஞான நிலையமாயிற்று. அழிவைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து ஆரோக்கியத்திற்கான நிலையம் தோன்றியது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

அணு மருத்துவத்தில் நோயாளியின் உடலுக்குள்ளேயே கதிரியக்கப் பொருள் செலுத்தப்படுகிறது. தைராய்டு நோய்க்குப் பயன்படும் கதிரியக்க அயோடின் எட்டு நாட்களில் பாதியாகக் குறையும். டெக்னீஷியம் என்னும் பொருள் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். இவற்றைக் கையாளுவோர் ஈயச் செங்கல்லுக்குப் பின் நின்று, நீண்ட இடுக்கியால் குப்பிகளை எடுக்கக் கற்றனர். ஊசிக் குழலுக்கும் ஈயமோ டங்ஸ்டனோ கொண்ட உறை அணிவித்தனர். இவையும் தொடாமல் இயக்கும் முறைகளே. இடுக்கி நம் அடுப்படியிலும் உண்டு. சுடுகலத்தை விரலால் தொடாதே என்று நம் பாட்டிமார் கற்பித்த பாடத்தைத்தான், சுடாமலே சுடும் பொருளுக்கு விஞ்ஞானம் நீட்டித்தது.

அந்த இன்மாஸ் நிலையத்தில்தான் 1986-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் எம்.ஆர்.ஐ. கருவி நிறுவப்பட்டது. இக்கருவியில் எக்ஸ் கதிர் இல்லை. வலிமை மிக்க காந்தமும் வானொலி அலைகளுமே படத்தைத் தருகின்றன. ஆம், நம் இல்லங்களுக்குப் பாட்டையும் பேச்சையும் கொண்டுவருகின்ற அதே இனத்து அலைகள்தாம். இன்று பெருவாரியாகப் பயன்படும் எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப் புலத்தைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. வெளியே உள்ள வானொலி அலைகள் நுழைந்து படத்தைக் குலைக்காமலிருக்க அறை முழுவதும் செப்புத் தகட்டால் மூடப்படுகிறது. பார்வைச் சாளரத்திலும் உலோக வலை பதிக்கப்படுகிறது. எனவே இக்கருவியை அருகில் நின்று இயக்கும் பேச்சுக்கே இடமில்லை. கணிப்பொறியும் மனிதனும் பக்கத்து அறையில்.

காந்தத்திற்கு விடுமுறை கிடையாது. எக்ஸ்ரே கருவியின் மின்சாரத்தை நிறுத்தினால் கதிர் இல்லை. இக்காந்தமோ இரவும் பகலும் உயிருடன் இருக்கும். 2018-இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் உருளையுடன் அவ்வறைக்குள் சென்ற ஓர் இளைஞர், காந்தத்தின் இழுப்பில் சிக்கி உயிரிழந்தார். இத்தகைய அறையின் வாயிலில் காவல் நிற்கும் ஊழியரின் எச்சரிக்கையே கருவியின் முதன்மையான பாதுகாப்பு உறுப்பு என்று நாம் துணிந்து கூறலாம். இவ்வறையில் கையால் இயக்கக்கூடியதாக நோயாளியிடம் தரப்படுவது, ஒரு சிறு ரப்பர்ப் பந்து. அச்சமோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் அவர் அதனை அழுத்துவார். அப்பால் மணி ஒலிக்கும். நிபுணரின் கை விலகிய இடத்தில், நோயாளியின் கைக்கு ஒரு குரல் கொடுத்தது இந்தப் பந்து. இவ்வரலாறு முழுவதிலும் இதனைவிட மனிதத் தன்மை வாய்ந்த சாதனத்தைக் காண்பது அரிது.

தொடுதலின் அபாயத்தைத் தில்லி மக்கள் நேரில் உணர்ந்தது 2010-ஆம் ஆண்டில். தில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பிரிவில் 1960-களின் இறுதியில் வாங்கப்பட்டு, 1985-க்குப் பின் பயன்படாது கிடந்த, கோபால்ட்-60 கொண்ட ஓர் ஆராய்ச்சிக் கருவி, அவ்வாண்டு பிப்ரவரியில் பழைய பொருளாக ஏலம் போயிற்று. அது மாயாபுரி இரும்புச் சந்தையை அடைந்தது. அங்கே கூலியாட்கள் ஈய உறையைப் பிரித்து, உள்ளே இருந்த பளபளப்பான உலோகக் கம்பிகளை வெறுங்கையால் எடுத்தனர். ஒருவர் அதில் ஒரு துண்டைத் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். ஏப்ரலில் பலர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அது மருத்துவப் படக் கருவியன்று. ஆயினும் அது தரும் பாடம் எல்லாக் கதிர்க் கருவிகளுக்கும் பொருந்தும். ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடியும் ஈயமும் விஞ்ஞானியின் கையைக் காத்தன. அக்கருவி காயலான் கடைக்குச் சென்றபோது, அங்கிருந்த தொழிலாளியின் கையைக் காக்க ஒன்றுமில்லை. எச்சரிக்கும் எழுத்தை அவர் படிக்கும் மொழியில் எழுதுவாரும் இல்லை. கருவியின் ஆயுள் முடியும் வரை மட்டுமன்று, அது முற்றிலும் அடக்கம் செய்யப்படும் வரை அதன் பொறுப்பு உடையவரைச் சார்ந்தது.

மூன்றாவது காரணம் கிருமி. 1847-இல் வியன்னா நகரத்து மருத்துவர் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் மருத்துவரின் கையே தாய்மாருக்கு மரணத்தைக் கொண்டுவருகிறது என்று கண்டு, கை கழுவுதலைக் கட்டாயமாக்கினார். அவரை அன்று பலர் ஏற்கவில்லை, காலம் ஏற்றது. அது முதற்கொண்டு அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் கைக்கு ஓர் ஆசாரம் ஏற்பட்டது. முழங்கை வரை கழுவிக் கையுறை அணிந்தபின், கிருமி நீக்கப்பட்ட பொருளைத் தவிர வேறெதையும் தொடலாகாது. குழாயைக் கூட முழங்கையால் மூட வேண்டும்.

பழைய நாளில் இவ்வாசாரத்திற்கும் எக்ஸ்ரே படத்திற்கும் சண்டை வரவில்லை. படம் என்பது பிலிம். சுவரிலுள்ள விளக்குப் பெட்டியில் அதனை மாட்டிவிட்டால் மருத்துவர் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொள்வார். தொட வேண்டியதே இல்லை. கணிப்பொறி வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. சி.டி., எம்.ஆர்.ஐ. பரிசோதனை ஒன்றில் நூற்றுக்கணக்கான படங்கள். அவற்றைப் புரட்ட வேண்டும், பெரிதாக்க வேண்டும், திருப்ப வேண்டும். இதற்கெல்லாம் மவுசும் கீபோர்டும் வேண்டும். அவையோ பலர் கைபட்டவை. பொத்தான்களின் இடுக்கில் அழுக்குச் சேர்பவை. ஆக, தொடாமல் பார்க்கக் கூடியதாயிருந்த படத்தைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டுமென்று ஆக்கியது புதிய நாகரிகமே. அது உண்டாக்கிய சிக்கலைத் தீர்க்கவே இன்னொரு புதுமை தேவைப்பட்டது.

இச்சிக்கல் வெறும் ஆசாரம் பற்றியதன்று என்பதைத் தில்லியின் பெயரே உலகிற்கு உணர்த்திற்று. 2008-இல் புது தில்லியில் மருத்துவமனையில் தங்கிச் சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம், மிக வலிய மருந்துகளாகிய கார்பபெனம் வகைக்கும் அசையாத ஒரு கிருமி காணப்பட்டது. அவ்வெதிர்ப்பைத் தரும் நொதிக்கு 2009-இல் விஞ்ஞானிகள் 'நியூ டெல்லி' என்ற பெயரையே சூட்டினர். என்.டி.எம்.-1 என்பது அதன் சுருக்கம். ஒரு நோய்க்கூற்றுக்கு நாட்டின் தலைநகரின் பெயரா என்று இந்திய அரசு ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், புது தில்லியில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும், குடிநீரின் 50 மாதிரிகளில் 2-லும் அந்த எதிர்ப்பு மரபணு காணப்பட்டது. பெயரைப் பற்றி வாதிடலாம். நீரைப் பற்றி வாதிட இயலாது. மருந்துக்கு அடங்காத கிருமி உலவும் நகரத்தில், மருத்துவரின் கை எதனைத் தொடுகிறது என்பது உயிர்ப் பிரச்சினையாகும்.

அறுவைக் கூடத்தில் இதற்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதல் வழி, உதவியாளரிடம் சொல்லி மவுசை நகர்த்தச் செய்வது. "இன்னும் சற்று மேலே, இல்லை, கீழே, அதற்கு முந்தின படம்" என்று சொல்லிச் சொல்லி நேரம் போகும். மருத்துவர் மனத்தில் உள்ள இடம் உதவியாளருக்குத் தெரியாது. இரண்டாவது வழி, கருவியின் கைப்பிடிகளையும் பொத்தான்களையும் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் உறையால் மூடி, அதன் மேல் தொடுவது. மூன்றாவது வழி, மருத்துவர் தாமே சென்று தொட்டுவிட்டு, மீண்டும் கை கழுவிக் கையுறை மாற்றுவது. அவசரத்தில் இம்மூன்றும் தடுமாறும்.

நான்காவது வழி, காற்றில் கையசைத்தே கணிப்பொறிக்குக் கட்டளையிடுவது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உருவாக்கிய 'ஜெஸ்டிக்ஸ்' என்னும் அமைப்பு, அமெரிக்கத் தலைநகரின் மருத்துவமனை ஒன்றில் மூளை அறுவையின்போது சோதிக்கப்பட்டு, அதன் விவரம் 2008-இல் வெளியாயிற்று. பின்பு 2010 நவம்பரில் 'கினெக்ட்' என்ற விளையாட்டுச் சாதனம் கடைக்கு வந்தது. அது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவும். அப்புள்ளிகள் எங்கே எவ்வளவு இடம் பெயர்ந்துள்ளன என்பதைக் காமிரா பார்த்து, எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கணக்கிடும். அதிலிருந்து மனித உடலின் மூட்டுகளைக் கண்டுகொள்ளும். குழந்தைகள் பந்தாட வாங்கிய அக்கருவியை, கனடாவின் டொராண்டோ நகரத்து சன்னிபுரூக் மருத்துவமனையினர் 2011-இலும், லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையினர் அடுத்த ஆண்டிலும் அறுவைக் கூடத்திற்குக் கொண்டுவந்தனர். மருத்துவர் கையை உயர்த்தினார்; படம் புரண்டது.

இப்புதுமையைக் கண்டு வியப்பது இயல்பு. ஆயினும் வியப்பிற்குப் பின் விசாரணையும் வேண்டும். மனிதன் பேசும்போது கையை அசைப்பான். பக்கத்திலிருப்பவரிடம் கத்தரிக்கோல் கேட்கக் கையை நீட்டுவான். இதனையும் கட்டளை என்று யந்திரம் கொள்ளுமானால் என்ன ஆகும்? எனவே 'இப்பொழுது கவனி', 'இப்பொழுது கவனிக்காதே' என்று யந்திரத்துக்கு உணர்த்தும் தனிச் சைகை தேவைப்பட்டது. அறுவை மேசையைச் சுற்றிப் பலர் நெருங்கி நிற்கும்போது யார் கை யாருடையது என்று யந்திரம் மயங்குவதும் உண்டு. குரலால் கட்டளையிடலாம் என்றால், முகமூடியும் கருவிகளின் இரைச்சலும் குறுக்கே நிற்கின்றன. இன்னொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. கினெக்ட் சாதனத்தின் உற்பத்தியை அந்நிறுவனம் 2017-இல் நிறுத்திவிட்டது. விளையாட்டுச் சந்தையின் இலாப நஷ்டம் பார்த்து எடுத்த முடிவு, அதனை நம்பி அமைந்த மருத்துவச் சாதனங்களையும் பாதித்தது. நமது மருத்துவமனைகள் கருவி வாங்கும்போது, பழுதானால் பத்தாண்டு கழித்து உறுப்பு கிடைக்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.

கால்மிதியின் நியாயத்தை இங்கே நினைவு கூர்வோம். சைகையால் படத்தைப் புரட்டுவதில் தவறு நேர்ந்தால் வேறு படம் தெரியும், அவ்வளவுதான். சைகையால் கதிரையே எழுப்ப முற்பட்டுத் தவறு நேர்ந்தால், நோயாளி மீதும் சுற்றி நிற்போர் மீதும் கதிர் படும். ஆகவே, பார்க்கும் கட்டளைகளைக் காற்றுக்கு ஒப்புவிக்கலாம். கதிரை எழுப்பும் கட்டளை, மனமறிந்து அழுத்தி, அழுத்திய வரையில் மட்டுமே செயற்படும் மிதியிலோ பொத்தானிலோ இருப்பதே முறை.

2020-இல் கொரோனாக் கொள்ளைநோய் வந்தபோது இப்பிரச்சினை அறுவைக் கூடத்தைத் தாண்டி ஒவ்வொரு ஸ்கேன் அறைக்கும் வந்தது. நுரையீரலைப் பார்க்க வந்த நோயாளியை மேசையில் கிடத்தி, சரியான இடத்தில் நிறுத்த, ஊழியர் அருகில் சென்றே ஆக வேண்டும். ஒவ்வொருவர் சென்றபின்பும் மேசையையும் பொத்தான்களையும் துடைத்தே ஆக வேண்டும். கூரையிலுள்ள காமிரா நோயாளியின் உடலைப் பார்த்து மேசையைத் தானே சரிசெய்யும் முறைக்கு அப்போது புதிய மதிப்பு ஏற்பட்டது. அல்ட்ராசவுண்டு பரிசோதனை மேலும் கடினமானது. மருத்துவரின் கையிலுள்ள கருவி நோயாளியின் உடலைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குத் தில்லி ஐ.ஐ.டி.யும் எய்ம்சும் சேர்ந்து, மருத்துவர் வேறு இடத்திலிருந்தே இயக்கக்கூடிய யந்திரக் கரம் ஒன்றை உருவாக்கின. மருத்துவரின் கை அசைவதைப் போலவே நோயாளியின் அருகிலுள்ள யந்திரக் கரமும் அசையும். தொற்றுக்கு அஞ்சிப் பிறந்த இந்த யோசனை, நிபுணர் இல்லாத தொலைதூர ஊர்களுக்கும் உதவக்கூடும் என்பதில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியோருடன், அருகிருந்து பணி செய்பவரையும் மருத்துவத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றாக எண்ணினார் வள்ளுவர். எக்ஸ்ரே அறையில் அந்த நான்காமவரே பெரும்பாலும் கதிரின் பங்கைச் சுமக்கிறார். இன்றைய சட்டத்தின்படி, கதிருடன் தொழில் செய்பவர் ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் அளவையும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட் அளவையும் தாண்டலாகாது. 1983-இல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதனைக் கண்காணிக்கிறது. அளவைக் கணக்கிடச் சட்டைப் பையின் மேல் அணியும் சிறு அட்டை உண்டு. அவ்வட்டையை மேசை அறைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போகும் ஊழியர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். அதனைக் கேளாதிருக்கும் நிர்வாகி அவரை ஏமாற்றுகிறார். அழுகின்ற குழந்தையைப் படமெடுக்கும்போது, பிடித்துக்கொள்ளும்படி தாயையோ பாட்டனாரையோ அழைப்பது நம் மருத்துவமனைகளில் வழக்கம். அவர்களுக்கு ஈய மேலாடை கொடுப்பதும், கருவுற்ற தாயை அழைக்காதிருப்பதும், அவர்கள் கை கதிரின் பாதையில் படாமல் பார்ப்பதும், எந்தச் சைகைக் கருவியையும்விட அவசரமான சீர்திருத்தங்கள்.

நீண்ட கம்பி, ஈயத் தடுப்பு, கால்மிதி, முழங்கையால் மூடும் குழாய், பிளாஸ்டிக் உறை, ரப்பர்ப் பந்து. இவை விலை குறைந்தவை; காலத்தால் சோதிக்கப்பட்டவை. இவை சரியாக இயங்கும் மருத்துவமனையில் காற்றில் அசையும் கைக்கு இடமுண்டு. இவை இல்லாத இடத்தில் அது வெறும் கண்காட்சிப் பொருளாகவே முடியும். கையைக் கதிரிலிருந்தும் காந்தத்திலிருந்தும் கிருமியிலிருந்தும் மீட்க உலகம் பெரும் விலை கொடுத்திருக்கிறது. அவ்வாறு மீட்ட கை என்ன செய்ய வேண்டும் என்பதும் நம்முன் உள்ள கேள்வி. குகை போன்ற கருவிக்குள் தனியே செல்லுமுன் அஞ்சி நிற்கும் நோயாளியின் தோளை, கண்ணாடிக்குப் பின் செல்லுமுன் ஒரு கணம் தொட்டுத் தைரியம் சொல்வதற்கு, அந்தக் கைக்கு இன்று முன்னைக் காட்டிலும் அவகாசம் உண்டு. அதனைச் செய்யும் மருத்துவரையும் ஊழியரையும்தாம் மக்கள் இனியும் கைராசிக்காரர் என்று அழைப்பார்கள்.